ஊர்ச் சாக்கடை எங்கே முடிகிறது?

வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் வந்த பிறகுதான் எங்கள் ஊர்த் தெருக்களில் கழிவுநீர் ஓடத் தொடங்கியது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள். தெருக்குழாயில் வரிசையில் நின்று குடம் குடமாகச் சுமந்த காலத்தில் தண்ணீரின் எடை சுமந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாத்திரம் கழுவிய நீர்கூட ஏதாவது ஒரு செடியின் காலில்தான் ஊற்றப்பட்டது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரை வீட்டுக்குள்ளேயே தர வேண்டும் என்று வகுத்தது. நல்ல திட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வீட்டுக்குள் வருகிற நீரில் ஏறத்தாழ முக்கால் பங்கு அன்றைக்கே வெளியே வந்துவிடும் என்பதை எங்கள் ஊரில் யாரும் பேசவில்லை. இரண்டாயிரம் பேர் வாழும் ஊர் என்றால் நாளொன்றுக்கு 1,10,000 லிட்டர் உள்ளே போகிறது, 80,000 லிட்டருக்கும் சற்று அதிகமாக வெளியே வருகிறது. மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு அதன் மீதே பெயிண்டில் எழுதியிருக்கிறது. வெளியே வரும் நீருக்கு அப்படி ஒரு கணக்கை எந்த ஊராட்சி அலுவலகத்தின் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

நான் ஊரக வளர்ச்சிப் பணிகளில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது காவிரிப் படுகையில் இருக்கும் சொந்த ஊரில் வசிக்கிறேன். ஊரின் கழிவுநீரை என்ன செய்வது என்ற பேச்சு எழும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். சில சமயம் நான் சொல்வதைக் கேட்கவும் செய்வார்கள். அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். சிறிய ஊருக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்பது பெரும்பாலும் இயந்திரம் வாங்குகிற வேலை அல்ல. எந்த நீரை எதனோடு கலக்க விடக்கூடாது என்பதையும், ஓடுகிற நீர் எங்கே போய் நிற்கிறது என்பதையும், அந்த இடத்தை மாதந்தோறும் யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் முடிவு செய்வதுதான் முக்கால்வாசி வேலை.

பழைய ஏற்பாட்டை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு யாரும் சுத்திகரிப்பு என்று பெயர் வைக்காததால் அது போனதும் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் மாடு இருந்த ஒவ்வொரு வீட்டிலும் கொல்லைப்புறத்தில் ஒரு கழுநீர்த் தொட்டி இருக்கும். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், புளித்துப்போன குழம்பு எல்லாம் அதில் போய்ச் சேரும். தவிடும் பிண்ணாக்கும் கரைத்து மாட்டுக்கு வைப்பார்கள். மாடு இல்லாத வீட்டுக் கழுநீரைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வாங்கிப் போவார். இன்றைக்குச் சமையலறைக் கழிவுநீரை நாற வைப்பது எது என்று பார்த்தால் இதே மாவுச்சத்தும் எண்ணெயும் பருக்கையும்தான். அதாவது கழிவுநீரின் மிகக் கனமான பகுதி சாக்கடையை எட்டும் முன்பே மாட்டின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. குளித்த நீர் கிணற்றடியிலிருந்து வாழைக்கும், வாழையைத் தாண்டினால் சேம்புக்கும், அதையும் தாண்டினால் கல்வாழைக்கும் போகும். அந்த வரிசை அழகுக்காக வைத்ததல்ல.

பிறகு மாடுகள் குறைந்தன. பாகப்பிரிவினையில் கொல்லைகள் துண்டு துண்டாகி அவற்றிலும் வீடுகள் எழுந்தன. தெருவில் சிமென்ட் சாலை போட்டார்கள், வீட்டைச் சுற்றியும் சிமென்ட் பூசினார்கள். சிகைக்காயும் சாம்பலும் போய்ச் சலவைத்தூளும் பாத்திரம் துலக்கும் சோப்பும் வந்தன. நீரின் அளவு கூடியது, அதில் கலந்திருப்பதும் கூடியது, நீரை உறிஞ்சிக்கொண்டிருந்த மண் குறைந்தது. மூன்றும் சேர்ந்து நிகழ்ந்ததால் விளைவு தெருவில் தெரிந்தது.

தெருவில் நீர் நின்றால் ஊர்க்காரர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கால்வாய் கட்டிக் கொடுங்கள். ஊராட்சியும் கட்டிக் கொடுக்கும், ஏனென்றால் அதற்கு மதிப்பீடு போடுவது எளிது, அளந்து பார்ப்பது எளிது, கட்டி முடித்ததும் கண்ணுக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் இரண்டு பக்கமும் கான்கிரீட் கால்வாய் வந்தது. அது எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு மதிப்பீட்டில் ஒரு வரிகூட இல்லை. வரைபடத்தில் கடைசி வீட்டோடு கோடு நின்றுவிட்டது. தண்ணீர் அங்கே நிற்கவில்லை, பள்ளத்தை நோக்கிப் போய் மேலக்குளத்தில் விழுந்தது. ஒரு காலத்தில் ஊரே குளித்த குளத்தில் ஆகாயத்தாமரை படர்ந்து நீர் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. சோப்பில் இருக்கும் பாஸ்பரசும் சிறுநீரில் இருக்கும் நைட்ரஜனும் அதற்கு உரம். ஆகாயத்தாமரையை இயந்திரம் வைத்து அள்ளிக் கரையில் போட்டால் அடுத்த பருவத்தில் மீண்டும் வரும், உரம் தினமும் வந்துகொண்டிருக்கிறதே!

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். பல ஊர்களில் கால்வாய் முடிகிற இடம் தற்செயலானது அல்ல. ஊரின் மேட்டுப் பகுதியில் யார் குடியிருக்கிறார்கள், தாழ்வான கடைசிப் பகுதியில் யாரைக் குடிவைத்தார்கள் என்பது பல தலைமுறைகளுக்கு முன்பே முடிவாகிவிட்டது. நீர் அந்த முடிவைப் பின்பற்றி ஓடுகிறது. மேலத்தெருவின் குளியல் நீர் காலனி வாசலில் தேங்கும் ஊர்களில் பணியாற்றியிருக்கிறேன். ‘சரிவு அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்வது’ என்று பேசுகிறவர்கள் எவருடைய வீடும் அந்தச் சரிவின் கீழே இருந்து நான் கண்டதில்லை. ஒவ்வொரு தெருவின் நீரையும் அந்தத் தெருவின் எல்லைக்குள்ளேயே முடிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குப் பொறியியல் காரணம் பாதி, இது மீதிப் பாதி.

எந்த நீரை எதனோடு கலக்கக்கூடாது என்பதற்கு வருகிறேன். வீட்டிலிருந்து இரண்டு வகைக் கழிவுநீர் வெளியேறுகிறது. சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் கல் ஆகியவற்றிலிருந்து வருவது ஒன்று. அளவில் இதுவே மிக அதிகம், நோய்க்கிருமிகள் இதில் குறைவு. கழிப்பறையிலிருந்து வருவது மற்றொன்று. அளவில் கொஞ்சம், ஆனால் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை, குடற்புழு எல்லாம் அதன் வழியாகத்தான் ஊருக்குள் சுற்றுகின்றன. நகரங்களில் இரண்டையும் ஒரே பாதாளச் சாக்கடையில் விட்டு, பெரிய நிலையத்துக்குக் கொண்டுபோய், மின்சாரம் செலவழித்துச் சுத்தம் செய்கிறார்கள். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் சிற்றூரில் அதற்கு வேண்டிய குழாயின் நீளமே செலவை விழுங்கிவிடும். எனவே இரண்டையும் வீட்டிலேயே பிரித்து வைத்துக்கொள்வது சிற்றூருக்குக் கிடைத்திருக்கும் வசதி. அந்த வசதியை நாம்தான் கெடுத்துக்கொள்கிறோம். செப்டிக் டேங்க் நிறைந்து வழியத் தொடங்கியதும் இரவோடு இரவாக ஒரு நாலங்குலக் குழாயை எடுத்துத் தெருக்கால்வாயில் விட்டுவிடுகிறார்கள். அப்படி ஒரு தெருவில் சில வீடுகள் செய்தாலே போதும், மொத்தக் கால்வாயும் மலக்கழிவுக் கால்வாய் ஆகிவிடும்.

செப்டிக் டேங்க்கைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு பெருமைப் பேச்சு உண்டு. ‘டேங்க் கட்டி இருபது வருஷம் ஆச்சு, ஒரு தடவைகூட எடுக்கல’ என்பார்கள். முறைப்படி கட்டிய டேங்க்கில் கசடு அடியில் படியும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுத்தே ஆக வேண்டும். இருபது ஆண்டுகள் நிறையாத டேங்க் என்றால் அதன் அடியில் தளம் போடவில்லை என்றுதான் பொருள். சிமென்ட் உறைகளை ஒன்றன் மேல் ஒன்றாக இறக்கி, அடியை மண்ணாகவே விட்டு, மேலே மூடி போட்டிருப்பார்கள். மலநீர் நேராக நிலத்தடிக்குப் போகும். அதே வளாகத்தில் சற்றுத் தள்ளி ஆழ்குழாயோ அடிபம்போ இருக்கும். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கொதிக்க வைத்துக் குடித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைகளுக்குப் புட்டிப்பால் கரைக்கும் வீடுகளில் இது விளையாட்டான விஷயம் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறிக் குழியைத் தொடும் எங்கள் பகுதியில் இந்த அபாயம் இன்னும் கூடுதல்.

சரியாகக் கட்டிய டேங்க்கும் பாதி வேலையைத்தான் செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீரில் உள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதைப் பி.ஓ.டி. என்று அளக்கிறார்கள். வீட்டுக் கழிவுநீரில் அது பொதுவாக லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். பெருநகரங்களுக்கு வெளியே இயங்கும் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017-இல் வைத்த வரம்பு 30. செப்டிக் டேங்க் குறைப்பது மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான். அதிலிருந்து வெளியே வரும் நீர் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமிகள் அப்படியே இருக்கின்றன. அந்த நீர் மண்ணுக்குள் பரவி வடிகட்டப்பட வேண்டும் என்று எண்ணித்தான் டேங்க்கை அடுத்து ஒரு உறிஞ்சு குழி என்று விதியில் எழுதினார்கள். இடமில்லை என்று நாம் விட்டுவிட்ட பகுதி அதுதான்.

கசடை எடுக்கும் லாரி தனிக் கதை. அது உறிஞ்சிக்கொண்டு போவதைத்தான் பார்க்கிறோம், கொட்டுகிற இடத்தைப் பார்ப்பதில்லை. சுத்திகரிப்பு நிலையம் தொலைவில் இருந்தால் டீசல் கணக்குப் பார்க்கும் ஓட்டுநருக்கு ஓடையும் கருவேலங்காடும் பக்கத்தில் இருக்கின்றன. தமிழக அரசு 2014-இலேயே கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 2017-இல் மதுராந்தகத்துக்கு அருகே கருங்குழியில் கசடுக்கென்றே தனிச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. உலர்த்தும் படுகைகளில் கசடைப் பரப்பி, வடியும் நீரைத் தனியே சுத்தம் செய்யும் எளிய முறை. சுற்றியுள்ள ஊராட்சிகளும் அருகிலிருக்கும் இத்தகைய நிலையத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். எந்த லாரி எந்த வீட்டில் எடுத்தது, எங்கே கொட்டியது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க ஒரு ஆள் போதும். பெரும்பாலான ஊராட்சிகளில் அந்த நோட்டு இல்லை.

புதிதாகக் கழிப்பறை கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இரட்டைக் குழி. ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததற்கு மாற்ற வேண்டும். மூடிய குழியை ஒன்றரை ஆண்டுகளுக்குக் குறையாமல் விட்டுவைத்தால் உள்ளே இருப்பது மணமற்ற உரமாக மாறிவிடும், மண்வெட்டியால் அள்ளலாம். லாரியும் வேண்டாம், டேங்க்கும் வேண்டாம், செலவும் குறைவு. நிலத்தடி நீர் மேலே வராத மண்ணில் இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தில் அதைக் கட்டுகிறவர்கள் அரிது, கட்டியவர்களிலும் இரண்டு குழிக்கும் ஒரே நேரத்தில் நீர் விட்டு முறையைப் பாழாக்கியவர்கள் உண்டு. அறிவியல் விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தடை மனத்தில் இருக்கிறது. அது உரமாகிவிட்டது என்று தெரிந்தாலும், அள்ளுவது ‘நம் வேலை அல்ல’ என்ற எண்ணம் போகவில்லை. பத்துப் பதினைந்தடிக்கு ஆழமான பெரிய டேங்க் கட்டுவதன் பின்னணியிலும் என் காலத்தில் எடுக்க வேண்டியிருக்கக்கூடாது என்ற அதே எண்ணம்தான் இருக்கிறது.

இந்த மனத்தடையை உடைக்க முடியாது என்று சொல்பவர்கள் முசிறிப் பக்கம் போய்ப் பார்க்கலாம். திருச்சி மாவட்டத்தில் காவிரிக்கரையில் இருக்கும் அந்த ஊரில் நிலத்தடி நீர்மட்டம் மேலே இருப்பதால் குழிக் கழிப்பறைகள் ஒத்துவரவில்லை. ‘ஸ்கோப்’ என்ற தொண்டு நிறுவனத்தின் மாராச்சி சுப்புராமன் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்து, நீர் சேராமல் சாம்பல் தூவி உலர்த்தும் கழிப்பறைகளை அங்கே பரப்பினார். பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் காசு கொடுத்துக்கூட முயன்று பார்த்தார்கள். சிறுநீர் பயிருக்கு உரமாகப் போனது. அவருக்குப் பின்னர் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எல்லா ஊருக்கும் அது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, கழுவும் நீரைத் தனியே விட வேண்டிய அந்தப் பீடத்துக்குப் பழகுவதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் நிலத்தடி நீரைத் தொடாமல் ஒரு கழிப்பறை இயங்க முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது.

இனி குளியல், சமையல் நீர். நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஊர் ஊராக உறிஞ்சு குழிகள் வெட்டினார்கள். எண்ணம் சரி. மணல், மணற்பாங்கான வண்டல், செம்மண் பகுதிகளில் அவை நன்றாக வேலை செய்கின்றன. குறை என்னவென்றால் எந்த மண்ணாக இருந்தாலும் ஒரே அளவுக் குழி. ஐந்து பேர் இருக்கும் வீட்டிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 200 லிட்டர் வெளியே வரும். மணற்பாங்கான மண் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளுக்கு ஏறத்தாழ 30 லிட்டர் உறிஞ்சும், களிமண் 10 லிட்டர்தான் உறிஞ்சும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர் கொண்ட குழிக்கு நான்கு பக்கச் சுவர்களின் பரப்பு 4 சதுர மீட்டர். அடிப்பகுதியில் சகதி படிந்து சீக்கிரம் அடைத்துவிடும் என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக மணற்பாங்கான மண்ணில் 120 லிட்டர், எங்கள் ஊர்க் களிமண்ணில் 40 லிட்டர். மீதி நீர் எங்கே போகும்? குழி நிறைந்து வழிந்து அதே தெருவுக்குத்தான் வரும். பிறகு ‘உறிஞ்சு குழி சரிப்படாது’ என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிடும்.

குழி வெட்டும் முன் மண்ணைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். குழி வரப்போகும் ஆழத்தில் ஒரு சிறு பொந்து தோண்டி, முதல் நாள் நீர் ஊற்றி ஊற வைத்து, மறுநாள் மீண்டும் ஊற்றி, நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தில் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் இறங்கினால் உறிஞ்சு குழி தாராளமாக வெட்டலாம். ஒரு மணி நேரத்தையும் தாண்டினால் அந்த இடத்தில் குழி வெட்டுவது பணத்தைப் புதைப்பது. சோதனையைக் கோடையில் செய்துவிட்டு மழைக்காலத்தை மறந்துவிடக்கூடாது.

எங்கள் கீழத்தெருவில் சோதித்தபோது நீர் அசையவே இல்லை. அங்கே குழிக்குப் பதிலாக, இருக்கும் கால்வாயின் முடிவிலேயே ஒரு வேர்மண்டலப் படுகை, அதாவது செடி நட்ட ஜல்லிப் படுகை வழியாக நீரை ஓடவிட்டுச் சுத்தம் செய்யும் அமைப்பு, அமைப்பது என்று முடிவானது. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஆரோவில்லில் பல குடியிருப்புகளின் கழிவுநீர் நெடுங்காலமாக இப்படித்தான் சுத்தமாகிறது. புதுச்சேரியில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையும் மின்சாரத்தை அதிகம் நம்பாத இதே வகை அமைப்பை வைத்திருக்கிறது. கணக்கும் கடினமில்லை. கீழத்தெருவில் ஏறத்தாழ நூறு வீடுகள், நானூறு பேர். கழிப்பறை நீர் கலக்காவிட்டால் நாளுக்கு 16,500 லிட்டர். அதற்கு ஐந்து சென்ட் நிலம், இரண்டடி ஆழத்துக்கு ஜல்லி. நீர் ஜல்லிக்கு மேலே தெரியாமல் இரண்டு மூன்று அங்குலம் கீழேயே ஓட வேண்டும், அப்போதுதான் கொசு முட்டையிட இடமிருக்காது, நாற்றமும் வராது. ஒரு முனையில் நுழைந்த நீர் மறு முனைக்குப் போய்ச் சேர மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளில் ஜல்லியின் மீது வழவழப்பாகப் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று தீர்க்கின்றன. நட்டிருக்கும் கல்வாழையும் சம்புவும் சத்தை உறிஞ்சுவது ஓரளவுக்குத்தான். ஜல்லி அடைத்துக்கொள்ளாமல் வேர்களால் காப்பதும், வேரைச் சுற்றி நுண்ணுயிர்கள் தங்க இடம் தருவதும் அவற்றின் முக்கிய வேலை. ஆனால் ஊர் மக்கள் நம்புவது பூக்கிற கல்வாழையைப் பார்த்துத்தான், அதனால் சிவப்பும் மஞ்சளுமாக நிறையவே நட்டோம்.

கட்டும்போது ஒப்பந்ததாரர் கொண்டுவந்து கொட்டிய முக்கால் அங்குல ஜல்லியைக் கையில் அள்ளிப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் கிரஷர் தூள். கான்கிரீட்டுக்கு அந்தத் தூள் பாதகமில்லை என்று அவர் வாதிட்டார். இது கான்கிரீட் அல்ல, கற்களுக்கு இடையிலிருக்கும் வெற்றிடம்தான் இங்கே நாம் காசு கொடுத்து வாங்குவது, அதைத் தூள் அடைத்துவிட்டால் நீர் மேலே ஏறி ஓடும் என்று விளக்க வேண்டியிருந்தது. சல்லடையில் சலித்து, நீர் பாய்ச்சிக் கழுவிய பிறகே இறக்கினார்கள். நீர் நுழையும் முனையிலும் வெளியேறும் முனையிலும் ஒன்றரை ஜல்லி, நடுவே முக்கால் ஜல்லி. மழைநீர் பெருக்கெடுத்து வரும் நாளில் படுகை மூழ்கிவிடாமல், நுழைவாயிலுக்கு முன்பே ஒரு பக்கவழியும் விட்டோம். ஐப்பசி அடைமழையில் அது இல்லாவிட்டால் ஒரே இரவில் வண்டல் அடைத்திருக்கும்.

படுகைக்கு முன்னால் மூன்று அறைகள் கொண்ட ஒரு தொட்டி இருக்கிறது. இந்த அமைப்பின் உயிர் அந்தத் தொட்டிதான், ஆனால் பார்க்க வருகிறவர்கள் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. முதல் அறையில் பாத்திரம் துலக்கிய மண்ணும் தேங்காய் நாரும் சோற்றுப் பருக்கையும் ஷாம்பு உறைகளும் சேரும். இரண்டாம் அறையில் எண்ணெயும் சோப்பும் சேர்ந்து வெள்ளையும் சாம்பலுமாக ஆடை போலப் படியும். அதைக் கரண்டியால் தள்ளினால் மெழுகு மாதிரி உருளும். தலைமுடி ஒரு தொல்லை, அது சல்லடையில் சுற்றிக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பிடித்து வைக்கும். இந்த இரண்டு அறைகளையும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அள்ளாவிட்டால் எல்லாம் படுகைக்குள் போய் ஜல்லி அடைத்துக்கொள்ளும். பிறகு ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. பல ஊர்களில் திறப்பு விழாக் கண்ட படுகைகள் இரண்டாம் ஆண்டிலேயே புதர் மண்டிக் கிடப்பதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

அள்ளுவது யார்? எங்கள் ஊரில் தூய்மைக் காவலர்கள். அவர்களுக்கு நீண்ட கைப்பிடி வைத்த வலைக்கரண்டி, கையுறை, முழங்கால் வரையிலான காலணி ஆகியவை வாங்கிக் கொடுக்க ஊராட்சியில் தீர்மானம் போட வேண்டியிருந்தது. எவரும் தொட்டிக்குள் இறங்காமல் வெளியே நின்றபடியே அள்ளும் ஆழத்துக்குத்தான் அதைக் கட்டியிருக்கிறோம். மலக்கழிவை மனிதர் கையால் அகற்றுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கழிவுநீர்ப் பணியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 2014-இல் 10 லட்சம் ரூபாய் என்று வைத்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. இந்தச் சட்டத்தை ஏதோ சென்னையின் பாதாளச் சாக்கடைக்கு எழுதியது என்று ஊராட்சிகளில் நினைக்கிறார்கள். செப்டிக் டேங்க் குழாயைத் தெருக்கால்வாயில் இணைத்த வீடு ஒவ்வொன்றும், அந்தக் கால்வாயைச் சுத்தம் செய்யும் பெண்ணைத் தன் மலத்தைத் தொட வைக்கிறது. ஊர்க் கூட்டத்தில் இதை இப்படியே சொன்னபோது சிலருக்கு முகம் சுருங்கியது. ஆனால் அதற்குப் பிறகுதான் கீழத்தெருவில் அந்த இணைப்புகள் துண்டிக்கப்பட்டன.

படுகை வேலை செய்கிறதா என்று பார்க்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மாதிரி அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் நுழையும் நீரையும் வெளிவரும் நீரையும் நிரப்பி, இறுக மூடி, நிழலில் சில நாள் வைத்தால் போதும். நுழையும் நீர் கறுத்துப்போய், திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆக்சிஜன் தீர்ந்து கந்தக வாயு உண்டாகிவிட்டது என்று பொருள். வெளிவரும் நீர் லேசான மஞ்சளோடு அப்படியே இருக்க வேண்டும். அதுவும் கறுத்தால் தொட்டியை யாரோ அள்ளாமல் விட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்தச் சோதனையை விரும்பிச் செய்கிறார்கள், பெரியவர்களைவிடக் கறாராகத் தேதி எழுதி வைக்கிறார்கள்.

வெளிவரும் நீர் தென்னைக்கும் வாழைக்கும் கோ-4 தீவனப்புல்லுக்கும் போகிறது. கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்களுக்கும் விடுவதில்லை, ஏனென்றால் கிருமி முற்றிலும் போய்விட்டது என்று யாரும் உறுதி தர முடியாது. சலவைத்தூளின் சோடியம் களிமண்ணை இறுகச் செய்யும் என்பதால் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் பாய்ச்சாமல் மாற்றி மாற்றி விடச் சொல்லியிருக்கிறேன். கொசு பற்றி ஒரு குறிப்பு: டெங்குவைப் பரப்பும் கொசு தேங்காய்ச் சிரட்டையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் நிற்கும் தெளிந்த நீரில்தான் பெருகும், அதற்குச் சாக்கடையைக் குறை சொல்லிப் பயனில்லை. சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ், கும்பகோணம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் யானைக்கால் நோயை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது அதுதான்.

பணத்துக்கு வருகிறேன். 2020-இல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் ஊரக இரண்டாம் கட்டம், 5,000 பேர் வரை உள்ள ஊருக்குக் கழிவுநீர் மேலாண்மைக்கென்று தலைக்கு 280 ரூபாயும், அதைவிடப் பெரிய ஊருக்கு 660 ரூபாயும் வகுத்தது. அதில் 30 விழுக்காட்டை ஊராட்சி தன் நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டும். இரண்டாயிரம் பேருக்கு 5,60,000 ரூபாய். இந்தத் தொகையில் மின்மோட்டாரும் காற்றூதியும் வைத்த சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. கட்டினாலும் மாத மின்கட்டணத்தில் அது நின்றுவிடும். அப்படி நிறுத்தி வைத்த நிலையங்களை நான் பார்த்திருக்கிறேன், பெயிண்ட்கூட மங்கவில்லை. மாறாக, கொல்லை இருக்கும் வீட்டுக்கு உறிஞ்சு குழி, இல்லாத தெருவுக்குப் படுகை என்று பிரித்தால் இந்தத் தொகை பெருமளவு ஈடுகொடுக்கும். விடுபட்டிருப்பது ஆண்டுச் செலவு. கட்ட வருகிற பணத்துக்குத் தலைப்பு இருக்கிறது, அள்ளப் போகிறவரின் கூலிக்கு இல்லை. குடிநீர் வரியோடு மாதம் பத்து ரூபாய் கழிவுநீர்க் கட்டணம் சேர்க்கலாம் என்று சொன்னேன், தேர்தல் வரட்டும் என்றார்கள்.

இப்போது தெற்குத்தெருவுக்கான படுகை நிலுவையில் இருக்கிறது. இடம் புறம்போக்கு, அதில் தகராறு இல்லை. ஆனால் தங்கள் வீட்டுக்கு எதிரே சாக்கடைத் தொட்டி வேண்டாம் என்று இரண்டு குடும்பங்கள் எழுதிக் கொடுத்திருக்கின்றன. அவர்களைக் கீழத்தெருவுக்கு அழைத்துப்போய்த் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டியாகிவிட்டது. ஒருவர் ஒப்புக்கொண்டார், மற்றவர் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அள்ளுவார்கள் என்பதை ஊராட்சி எழுத்தில் தந்தால் பார்க்கலாம் என்கிறார். நியாயமான கோரிக்கை. அக்டோபர் 2 கிராம சபையில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவர மனு எழுதியாகிவிட்டது. கூடவே, புதிதாக வீடு கட்டுகிறவர்களின் செப்டிக் டேங்க் அடித்தளத்தை மூடும் முன் ஊராட்சி வந்து பார்க்க வேண்டும் என்ற வரியையும் சேர்த்திருக்கிறேன். அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும்.